தாய்மாமன் இல்லாத காதுகுத்து

முகம் பார்க்காமல் நாலு வருசம் ஒருத்தியோடு வேலை செய்தேன். அவள் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில். நான் சேலம் டவுனில். எங்களை வேலைக்கு வைத்திருக்கிற லாரி முதலாளி நாமக்கல்லில். முன்னே அவருக்கு அங்கே ஒரு ஆபீஸ் இருந்ததாம். கொரோனாவில் மூடினார். மூடினாலும் வேலை நடக்கிறது என்று தெரிந்ததும் திறக்க மனசு வரவில்லை. அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் நாங்கள்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. கம்பெனி லாரிகள் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போகும். டிரைவர்களைக் கூப்பிட்டு வண்டி எங்கே நிற்கிறது, டயர் எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்டு, லோடு அனுப்பிய பார்ட்டிக்குச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு வரை நான். இரண்டு மணியிலிருந்து அவள். அவளுக்கு அடுத்து ஓமலூர்க்காரர் ஒருத்தர். அவர் காலையில் எனக்கு ஒப்படைப்பார். இப்படியே சுற்றி வரும். நான் பத்தாவதுதான் படித்தவன். பதினெட்டு வருசம் லாரி ஓட்டினேன். முதுகுத்தண்டில் கோளாறு வந்து ஸ்டியரிங்கை விட்டேன். அதனால் டிரைவர்கள் என்னிடம் பொய் சொல்லிப் பார்ப்பார்கள், நடக்காது.

இரண்டு மணிக்கு ஒப்படைக்கிற பேச்சு இரண்டு நிமிசத்தில் முடிய வேண்டியது. எங்களுக்குப் பத்து நிமிசம் ஆகும். அவள் என்னை அண்ணா என்பாள். கொங்குப் பேச்சு, எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுவாள். அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எல்லாம் கேட்கும். மோட்டார் ஓடுவது, ஆடு கத்துவது, மாமியார் பேசுவது. மாமியார் பேச்சு கொஞ்சம் சத்தமாகவே கேட்கும். "பொறக்கும்போதே போனைக் காதுல ஒட்டிட்டுப் பொறந்தவ" என்று ஒரு நாள் கேட்டது. அவள் போனைக் கையால் மூடினாள், ஆனாலும் கேட்டுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த மறுவருசம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் லீவில் இருந்துவிட்டு வந்தாள். குழந்தை முதலில் அழுகையாகக் கேட்டது. அப்புறம் மழலையாகக் கேட்டது. அப்புறம் போனைப் பிடுங்கி "மாமா" என்றது. "என்ன சாமி, பால் குடிச்சாச்சா?" என்று கேட்பேன். தினமும் அதே கேள்விதான். "குச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடும்.

போன சித்திரையில் ஒரு நாள் ஒப்படைப்பெல்லாம் முடிந்த பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

லீவு கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். "கேளும்மா" என்றேன்.

"வைகாசியில பாப்பாவுக்கு மொட்டை அடிச்சுக் காது குத்தறோமுங்க. எங்கூட்டுக்காரரோட குலதெய்வம் கோயில்ல. மாமன் மடிக்கு ஆளில்லீங்க."

அவள் ஒரே பெண் என்று எனக்குத் தெரியும். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. அண்ணன் தம்பி முறைக்குச் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கிணற்றுப் பாத்தியத்தில் தகராறு வந்து பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. வீட்டுக்காரர் நேரில் போய் அழைத்தும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மாமியார் ஒரு வழி சொன்னாராம். நம்ம பங்காளி ஒருத்தன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று.

"எல்லாருந்தான் கேப்பாங்கண்ணா," என்றாள். "அப்பன் ஊட்டு ஆளு மடில உக்காந்து காது குத்தினா, அம்மா ஊட்டுல ஒருத்தருமில்லைன்னு அர்த்தமாயிருமுங்க. எம்புள்ள பெரியவளாகி அந்தப் போட்டோவப் பாத்தாலும் அதுதான தெரியும்? நீங்க வந்து உக்காருவீங்களா?"

தயங்கிக்கொண்டே சொன்னேன்: "இல்லம்மா, நான் வேதக்காரன். கிறிஸ்தவங்க நாங்க. உனக்கு அது தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"தெரியுமுங்கண்ணா. ரெண்டு மணிக்கு நாம பேசறப்ப அண்ணி பின்னாடி செபமாலை சொல்லீட்டு இருப்பாங்கல்ல. நாலு வருசமாக் கேக்கறேன், எனக்கே பாதி மனப்பாடம்."

"உங்க அத்தைக்கு?"

"அத்தைகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேனுங்க."

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். நான் யோசிக்கிறதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "அண்ணா அண்ணான்னு வாய் நெறையக் கூப்பிடறப்ப நல்லா இருந்துச்சா? இப்பப் போகலைன்னா அந்தப் புள்ள முகத்துல எப்படி முழிப்பீங்க? சரி, முகம் பாத்ததில்ல. கொரல்ல எப்படி முழிப்பீங்க?"

எனக்குப் போகப் பிடிக்காமல் இல்லை. அவர்கள் கோயிலில் பூசை நடக்கும்போது நான் அங்கே உட்காரலாமா என்பதுதான் எனக்குள் இருந்த கேள்வி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையைத் தவறவிடாதவன் நான். அன்றைக்கு மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து ரொம்ப நேரம் கேட்டேன். வானத்திலிருந்து ஒன்றும் பதில் வரவில்லை. ஆனால் எழுந்திரிக்கும்போது மனசு தெளிவாக இருந்தது. அவர்கள் அவர்கள் சாமியைக் கும்பிடட்டும். என் மடியில் ஒரு குழந்தை உட்காரப் போகிறது. அந்த நேரத்தில் என் வாய்க்குள் என் செபம் இருக்கும். ஆண்டவர் இதற்குக் கோபிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று மனைவி கடைவீதிக்குக் கூட்டிப் போனாள். எங்களில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தகப்பன்தான் குழந்தைக்கு வெள்ளை உடுப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். என் தங்கச்சி மகனுக்கு நான்தான் எடுத்தேன். அந்தப் பழக்கத்தில், இரண்டு பேருக்கும் சந்தேகமே வராமல், கடையிலேயே நல்லதாகப் பார்த்து ஒரு வெள்ளைக் கவுன் எடுத்தோம். ஓரமெல்லாம் லேஸ் வைத்தது. மொட்டைத் தலைக்கு வெயில் படக்கூடாது என்று ஒரு வெள்ளைத் தொப்பியும். கடைக்காரப் பெண் "ஞானஸ்நானத்துக்குங்களா?" என்று கேட்டாள். "காதுகுத்துக்கும்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்போதாவது புரிந்திருக்க வேண்டும்.

விசேசம் ஞாயிற்றுக்கிழமை. சனி சாயங்காலமே சர்ச் பூசைக்குப் போய் ஞாயிறு கடனை முடித்துவிட்டேன். ஓமலூர்க்காரரையும் அவள் அழைத்திருந்தாள். மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தால் லாரியை யார் பார்ப்பது? முதலாளியிடம் சொல்லிவிட்டு என் போனை மனைவியிடம் கொடுத்தேன். அன்றைக்கு டிரைவர்களை அவள்தான் கூப்பிட்டாள். ஒரு டிரைவர் மறுநாள் என்னிடம் கேட்டார், "ஏங்க, நேத்து அந்தம்மா டயரைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. காலையில செபம் பண்ணுனீங்களான்னு கேட்டாங்க. புது ரூலா?"

சேலம் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரைக்கு ஓமலூர்க்காரரைத் தேடினேன். போனில் அவர் குரல் கரகரவென்று இருக்கும். அவர் அதட்டினால் எந்த டிரைவரும் வாயைத் திறக்க மாட்டான். நல்ல உயரமான, மீசைக்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன். என் தோளுக்குக் கீழே ஒரு ஒல்லி மனிதர் பக்கத்திலேயே துணிப்பையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா?" என்றேன்.

"ஏன், ஆதார் கார்டு எடுத்துக் காட்டணுமா?" அதே குரல். "உங்க கொரலுக்கு இவ்வளவு தொப்பைய நானும் எதிர்பாக்கல."

பையில் குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் லாரி வாங்கி வைத்திருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ராசிபுரம் வரைக்கும் பேச்சே வரவில்லை. அவர் மகனுக்கு எத்தனை மார்க், அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முகத்தைப் பார்த்தால் அது வேறு யாரோ மாதிரி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியதும் பேச்சு வந்துவிட்டது. அவரும் எதிர்சீட்டு முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாமக்கல்லில் பஸ் மாறி, பரமத்தி வேலூர் போகிற வரைக்கும் அப்படியேதான்.

அவள் வீட்டுக்காரர் ஒரு டெம்போவோடு வந்து காத்திருந்தார். "வாங்க மச்சான்" என்று என் பையை வாங்கிக்கொண்டார். முதல் தடவை பார்க்கிற மனிதர் மச்சான் என்று கூப்பிட்டதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் தாண்டி, வாய்க்கால் ஓரத்தில் கோயில். பந்தல் போட்டு, குழாய் ரேடியோ கட்டிப் பாட்டு வைத்திருந்தார்கள். பந்தலில் ஏழெட்டுப் பெண்கள் பட்டுச்சேலையில் இருந்தார்கள். எந்தப் பெண் அவள் என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டதும் இல்லை, அது முறையும் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். அப்போது ஒருத்தி குனிந்தபடியே யாரையோ அதட்டினாள்: "அந்தக் குண்டாவ அக்கட்டால வைங்க, வழியில வெச்சா எப்படிங்க நடக்கறது?"

"வண்டி எதாச்சும் லேட்டாம்மா?" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். "அண்ணா!" என்று சிரித்தாள். உடனே கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு ஒசரமுங்களா நீங்க? சொல்லவே இல்ல?" என்றாள். இதை எப்படிப் போனில் சொல்வது?

நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரரின் பெரியப்பா, வெள்ளை வேட்டியில் பெரிய மனிதர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் புது ஆளைப் பார்த்தால் முதலில் எந்தக் குலம் என்றுதான் கேட்பார்கள். அவரும் அதையே கேட்டார்.

"தம்பி, என்ன கூட்டமுங்க?"

ஓமலூர்க்காரர் முந்திக்கொண்டார். "லாரிக் கூட்டமுங்க."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கேள்வி போய்விடவில்லை என்று அவர் பார்வையில் தெரிந்தது.

குழந்தைக்கு மொட்டை அடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "முகூர்த்தம் பத்தரையோட முடியுதுங்க. மாமன் எடுத்த துணியப் போட்டு மடியில வெச்சுருங்க" என்றார். நான் கவரைத் தாம்பாளத்தில் வைத்தேன். மாமியார் அதைப் பிரித்து உதறினார்.

வெள்ளைக் கவுன். லேஸ். வெள்ளைத் தொப்பி.

ரேடியோதான் பாடிக்கொண்டிருந்தது.

"வெள்ளையா?" என்றார் பெரியப்பா. "காதுகுத்துக்கு வந்திருக்காரா, எழவுக்கு வந்திருக்காரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தப்புத்தாங்க," என்றேன். "எங்க வழக்கத்துல சின்னக் குழந்தைக்கு நல்ல காரியம்னா வெள்ளைதான் எடுப்போம். நான் வேதக்காரனுங்க. தெரியாம எடுத்துட்டோம்."

மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றவள் சொல்லவே இல்லை.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்கத்தை."

"எங்கிட்ட ஏஞ் சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பீங்கன்னு."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார் மாமியார்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பங்காளி ஒருத்தர் பின்னால் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டார். அவர் மடிக்குத்தான் போகப்போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் எழுந்தேன்.

"அம்மா, உங்களுக்குச் சரிப்படலைன்னா நான் பின்னாடி நின்னுக்கறேன். தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. கவுன் எடுத்தது என் தப்பு."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை மணிக்குப் பொறப்பட்டீங்க?"

"அஞ்சரைக்குங்க."

"பின்னாடி நிக்கறதுக்கா அஞ்சரைக்குப் பொறப்பட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்தீங்க?" அப்புறம் பெரியப்பா பக்கம் திரும்பினார். "இவ சித்தப்பன் மக்க வாய்க்காலுக்கு அக்கட்டாலதான் இருக்கறாங்க. இந்த ரேடியோச் சத்தம் அவிங்க ஊட்டுக்குள்ள கேக்குது. வந்தாங்களா? ஒரு துண்டுத்துணி எடுத்துட்டு வந்தாங்களா? எடுத்துட்டு வந்தவரப் போய் எழவுங்கறீங்க."

பெரியப்பா வாய்க்கால் பக்கம் பார்த்தார்.

"நாலு வருசமாப் போன்ல பேசிப் பேசி இவ என்னத்தச் சாதிச்சான்னு நெனைச்சேன்," என்றார் மாமியார். "ஒரு மாமனையாவது புடிச்சுப் போட்டிருக்கறா. அந்த வாளிய இப்படிக் கொண்டாங்க."

சாமிக்குக் கலக்கி வைத்திருந்த மஞ்சள் தண்ணீர். கவுனையும் தொப்பியையும் அதில் முக்கி எடுத்து, இரண்டு கையாலும் பிழிந்து, டெம்போவின் முன்பக்கத்தில் விரித்துப் போட்டார். வைகாசி வெயில். ஆசாரி வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிசத்தில் எடுத்துவிட்டார்கள். துணி திட்டுத்திட்டாக மஞ்சள், பட்டன் மட்டும் வெள்ளை. பாதி ஈரத்தோடு குழந்தைக்குப் போட்டு என் மடியில் உட்கார வைத்தார்கள்.

குழந்தை என் முகத்தைப் பார்த்தது. உடனே வீறிட்டு அழுதது. "மாமா சாமி, தெனமும் பேசுவீல்ல, அந்த மாமா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அதற்கு என்ன தெரியும்? மாமா என்றால் போனுக்குள் இருக்கிறவர். ஓமலூர்க்காரர் பிளாஸ்டிக் லாரியை ஆட்டிக் காட்டினார். லாரியைத் தட்டிவிட்டது. ஆசாரி "இப்படித் திமிறினா ஊசி எடம் மாறிப் போயிருமுங்க" என்றார். நான் என் முகம் தெரியாதபடி அதன் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு காதுக்குள் சொன்னேன்.

"என்ன சாமி, பால் குடிச்சாச்சா?"

அழுகை நின்றது. அம்மா கையில் இருந்த போனைப் பார்த்தது. அப்புறம் தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தது. "குச்சேன்" என்றது.

ஆசாரி அந்த நேரத்தை விடவில்லை. வலது காது முடிந்தது. அது போட்ட சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. இடது காதுக்கு என் கையைக் கடித்துவிட்டது. மாதாவே, மாதாவே என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேமராக்காரர் "மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றார். எங்கே சிரிப்பது? என் சட்டை முழுக்கச் சந்தனமும் மஞ்சளும் கண்ணீரும்.

அவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள். நாற்காலி லேசாக நடுங்கியதில் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை.

மாமியார் தட்டை எடுத்து வந்தார். விபூதியை எடுத்தவர் நிறுத்தி, "வெப்பீங்களா?" என்று கேட்டார். "சந்தனம் மட்டும் வாங்கிக்கறேங்க" என்றேன். என் கையில் பூசிவிட்டார். சாப்பாட்டில் முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள். பெரியப்பா என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "கறி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மாமியார் மகனைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார்: "இனி எந்த விசேசம்னாலும் சேலத்துக்கு நேர்ல போய் அழைக்கோணும். போன்ல சொல்லிட்டாப் போதும்னு இருந்துறாதே."

ஏதோ சபையில் மரியாதைக்குச் சொன்னது என்றுதான் நினைத்தேன். ஆவணியில் ஒரு நாள் கதவைத் தட்டுகிறார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு மாமியார், பின்னால் அவளும் வீட்டுக்காரரும். வீட்டுக்காரரின் தம்பிக்குக் கல்யாணம். குழந்தை காதில் தோடு போட்டிருந்தது. நேராக என்னிடம் வந்தது.

அந்தம்மா எங்கள் வீட்டுக்குள் இதுதான் முதல் தடவை வருகிறார். சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு மடியில புள்ளைய வெச்சுட்டு வாய்க்குள்ள மொணமொணன்னு சொல்லீட்டு இருந்தீங்களே, இவருகிட்டயா?"

"இவரோட அம்மாகிட்டங்க," என்றேன்.

"சரிதான். காது ரெண்டும் சீழ் புடிக்காம ஆறிருச்சு." படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பித் தட்டை நீட்டினார். "மாமன் ஊடு மொத நாளே வந்துரோணுமுங்க."

மனைவி முந்தானையைத் தோளில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.